நாகஸ்வரமும் கீபோர்டும் ஒரே பாட்டில்: ஈக்யூ குறித்துச் சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டு அறையிலோ சிறிய ஸ்டுடியோவிலோ அம்மன் பாடல்கள், நாட்டுப்புறப் பாடல்கள், மெல்லிசைக் குழுக்களின் பாடல்கள் ஆகியவற்றைப் பதிவு செய்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. நீங்கள் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் அதிலுள்ள ஈக்யூ (ஈக்வலைசர்) செய்யும் வேலை ஒன்றுதான் என்பதால், மென்பொருள்களின் பெயர்கள் இங்கே பேசப்படவில்லை.

ஈக்யூ என்ன செய்கிறது?

வால்யூம் குமிழ் ஒரு ட்ராக்கில் உள்ள ஓசை முழுவதையும் ஒரே அளவில் ஏற்றும் அல்லது இறக்கும். ஈக்யூ, அந்த ஓசையின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றவோ இறக்கவோ இடம் கொடுக்கிறது. ஓசை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அலைவரிசை; அதை ஹெர்ட்ஸில் அளக்கிறோம். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இந்தப் பரப்பில் எந்த இடத்தைத் தொடுவது, ஓசையின் அளவை எத்தனை டெசிபல் மாற்றுவது, எவ்வளவு அகலத்துக்கு மாற்றுவது என்ற மூன்றையும் தனித்தனியே அமைக்கக்கூடிய பாராமெட்ரிக் ஈக்யூவைப் பற்றி ஜார்ஜ் மாசன்பர்க் 1972-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். இன்று எல்லா மென்பொருள்களிலும் இருப்பது அந்த வகைதான்.

அதில் மூன்று வடிவங்களை அறிந்தால் போதும். குறிப்பிட்ட அலைவரிசைக்குக் கீழே உள்ளதை எல்லாம் நீக்குவது ஹை-பாஸ் ஃபில்டர். ஓர் இடத்துக்கு மேலே அல்லது கீழே உள்ள அனைத்தையும் ஒரே அளவில் உயர்த்துவதோ தாழ்த்துவதோ ஷெல்ஃப். ஓர் இடத்தை மையமாக வைத்து மேடாகவோ பள்ளமாகவோ மாற்றுவது பெல். பதிவில் இல்லாத ஓசையை இவற்றில் எதுவும் உண்டாக்காது. இருப்பதன் அளவைத்தான் மாற்றும்.

தனித்தனியே கேட்கும்போது ஒவ்வொரு வாத்தியமும் நன்றாக இருக்கிறது. சேர்த்து ஒலிக்கவிட்டால் ஏன் குழம்பிவிடுகிறது?

ஏனெனில் அவை ஒவ்வொன்றும் தனியாக நன்றாக இருக்கும்படி அமைக்கப்பட்டவை. கீபோர்டில் பின்னணியாக நீண்டு ஒலிக்கும் பேட் ஒலி, எலக்ட்ரானிக் தம்பூரா, ஆர்மோனியம், ஆண் குரல், தவிலின் உடல் ஓசை ஆகிய எல்லாமே 150 ஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நிறைய வலுவுடன் இருக்கின்றன. ஒரே பகுதியில் இரண்டு ஓசைகள் நெருங்கி ஒலிக்கும்போது, வலுவானது மற்றதைக் காதுக்கு எட்டாமல் மறைத்துவிடும். அதிலும், கீழ் அலைவரிசையில் உள்ள பலத்த ஓசை மேலே உள்ளதை மறைக்கும் அளவுக்கு, மேலே உள்ளது கீழே உள்ளதை மறைப்பதில்லை. பேட் ஒலியின் இடக்கைப் பகுதி மிகுந்தால் பாடகரின் சொற்கள் மங்குவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே ஈக்யூவின் முன் முதலில் தீர்க்க வேண்டியது, இந்த இடத்தில் யாருக்கு உரிமை என்ற கேள்வி. பாட்டின் அந்தப் பகுதியில் குரல்தான் முக்கியம் என்றால், பேட் ஒலியில் 250 ஹெர்ட்ஸைச் சுற்றி 3 அல்லது 4 டெசிபல் குறைத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் போடலாம். அதன்பின் அந்தப் பேட் ஒலியைத் தனியே கேட்டால் மெலிந்துதான் ஒலிக்கும். அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, ஏனெனில் கேட்பவர் யாரும் அதைத் தனியே கேட்கப் போவதில்லை. ஒரு ட்ராக்கை மட்டும் ஒலிக்கவிடும் சோலோ பொத்தான், சத்தமோ பிசிறோ எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு உதவும். ஈக்யூவின் அளவை முடிவு செய்வதற்கு உதவாது. இந்த ஒன்றைக் கைக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து.

முதலில் ஈக்யூவா, வால்யூமா?

வால்யூம்தான் முதலில். ஈக்யூ எதுவும் இல்லாமல், எல்லா ட்ராக்குகளின் அளவையும் கூடியமட்டும் சரிசெய்துவிட்டு, வலம் இடமாகப் பிரித்தும் வைத்த பிறகு, எது இன்னும் மறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன்பாக, வாசிப்பையே மாற்ற முடியுமா என்று கேட்பது நல்லது. கீபோர்டுக்காரர் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசித்தால் தீரும் சிக்கலுக்கு ஈக்யூவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பது வீண்.

ஏற்காடு சாலையில் இன்றும் வளைவு நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் நிறுவிய திரைப்பட ஸ்டுடியோ. அத்தகைய ஸ்டுடியோக்களின் ஆரம்ப காலத்தில், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ட்ராக் என்ற வசதி திரைப்படத் தொழிலில் எங்குமே கிடையாது. பலமாக ஒலிப்பவரைத் தள்ளி உட்காரவைத்தும், மென்மையாக ஒலிப்பவரை மைக்குக்கு அருகே கொண்டுவந்தும்தான் சமநிலையைப் பெற்றார்கள். அந்த முறை இன்றும் செல்லுபடியாகும்.

அம்மன் பாட்டில் நாகஸ்வரம் குரலை அமுக்கிவிடுகிறது. நாகஸ்வரத்தின் வால்யூமைக் குறைத்தால் அது காணாமல் போகிறது. என்ன செய்வது?

இது எங்கள் ஊரில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. காரணத்தைப் புரிந்துகொண்டால் வழி தெரிந்துவிடும். நாகஸ்வரம், வாயில் வைத்து ஊதும் சீவாளியின் அதிர்வை, விரிந்துகொண்டே போகும் குழலான உலவு பெருக்கித் தரும் வாத்தியம். அதன் மேல்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து அதற்கு மேலே ஒலிப்பவை, மிக வலுவானவை. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் மிகவும் கூர்மையாகக் கேட்கிறது. இந்த வேறுபாட்டை அளந்து ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகளை ஒலித்துறையினர் இன்றும் சுட்டுகிறார்கள். நாகஸ்வரத்தின் மேல்சுரங்கள் இந்தப் பகுதியில் விழுகின்றன. பாடகரின் மெய்யெழுத்துகள் தெளிவதும் இதே பகுதியில்தான். ஆகவே மீட்டரில் இரண்டும் ஒரே அளவைக் காட்டினாலும், காதுக்கு நாகஸ்வரம் முன்னே வந்து நிற்கும்.

பதிவின்போது மைக்கை, நாகஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். நாகஸ்வரத்தின் ஓசை அணசிலிருந்து மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒரு மீட்டருக்குக் குறையாத தொலைவில், உலவின் நடுப்பகுதியை நோக்கிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால், அந்த உறுத்தல் பதிவிலேயே தணிந்துவிடும்.

மிக்ஸிங்கில், நாகஸ்வர ட்ராக்கில் 3,000 ஹெர்ட்ஸை மையமாக வைத்து, அகலமான பெல்லில் 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். இதைப் பாட்டு முழுவதும் செய்யாமல், குரல் ஒலிக்கும் இடங்களில் மட்டும் அமைப்பை இடத்துக்கு இடம் மாற்றும் ஆட்டோமேஷன் மூலமோ, ஓசை மிகும்போது மட்டும் குறைக்கும் டைனமிக் ஈக்யூ மூலமோ செய்வது சிறந்தது. பல்லவி முடிந்து நாகஸ்வரம் தனியே எடுக்கும் இடத்தில் அதன் முழு வீச்சும் திரும்பிவிட வேண்டும். 6 அல்லது 8 டெசிபல் வரை வெட்டினால் கூர்மையோடு சேர்த்து அந்த வாத்தியத்தின் அடையாளமும் போய்விடும். கீபோர்டில் உள்ள நாகஸ்வர ஒலி போல ஒலிக்கத்தான் வேண்டும் என்றால், வித்வானை அழைத்திருக்கத் தேவையில்லை.

மிருதங்கம், தவில், பம்பை இவற்றோடு கணினியில் செய்த கிக் ட்ரம்மும் பாஸும் சேரும்போது கீழ்ப்பகுதி கனத்துப் போகிறது.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை, பெரும்பாலான தோல் வாத்தியங்களைப் போன்றதன்று. நடுவில் பூசப்படும், சோறு எனப்படும் கருமையான பூச்சின் எடையால், அதன் மேல்சுரங்கள் இசைக்குரிய வரிசையில், அதாவது அடிப்படைச் சுரத்தின் இரு மடங்கு, மும்மடங்கு என்ற ஒழுங்கில் அமைகின்றன. இதை 1920-இல் சி.வி. ராமன் சக ஆய்வாளருடன் சேர்ந்து எழுதிக் காட்டினார். ஆகவே மிருதங்கத்துக்குச் சுருதி உண்டு; பாட்டின் ஆதார சட்ஜத்தில் சேர்க்கப்படும். 1 கட்டை என்ற சுருதி அளவில் பாடுகிறார்கள் என்றால் நடு ஸ்தாயி சட்ஜம் ஆண் குரலுக்கு ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 262, 393, 524 என்று போகும். வலந்தலையில் ஈக்யூவைத் தொடும்போது இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால், மேல்சுரம் ஒன்றை அறியாமல் குறுகலாக வெட்டி நாதத்தைக் கெடுக்காமல் இருக்கலாம். பெட்டிக்குள் ஒலிப்பது போன்ற தன்மை இருந்தால், 300 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை அகலமாக, மிதமாகக் குறைப்பதே பாதுகாப்பு.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கியும் கிக்கும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். கும்கி வழுக்கி ஏறும் ஓசை என்பதால் அதற்குச் சற்று அகலமான இடம் வேண்டும். கிக்கை 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிலைநிறுத்தி, 90 முதல் 130 ஹெர்ட்ஸ் வரை அதைக் குறைத்து, அந்த இடத்தைத் தொப்பிக்கு விட்டுவிடலாம். பாஸ் கிட்டாரின் நான்கு தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. கிக்குக்கும் தொப்பிக்கும் நடுவே அது நுழையும் இடம் மிகக் குறைவு. எனவே பாஸின் இருப்பை 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான மேல்சுரங்களால் உணர்த்துவது நல்ல வழி.

தவிலில் சிக்கல் மேலே இருக்கிறது. விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலையின் வெட்டு, அதாவது அடி விழும் கணத்தின் கூர்மையான ஓசை, நாகஸ்வரமும் குரலும் ஏற்கெனவே நெருக்கும் 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸில் தெறிக்கும். அந்த வெட்டு ஒரு நொடியில் சிறு பகுதியே நீடிப்பதால் ஈக்யூவை விட, பலத்த ஓசையைத் தானே அடக்கும் கம்ப்ரஸர் அதற்குப் பொருத்தம். குச்சியால் அடிக்கும் இடப்பக்கத்தில் உடல் ஓசை கனத்தால் 200 ஹெர்ட்ஸ் அருகே குறைத்துக்கொள்ளலாம்.

பம்பையில் ஒன்று வெண்கலம், மற்றொன்று மரம். இரண்டையும் ஒரே மைக்கில் எடுத்துவிட்டு, வெண்கலத்தின் கிணுகிணுப்பைக் குறைக்கப் போனால் மரத்தின் விளிம்பும் மழுங்கும். ஆகவே இரண்டு மைக் வையுங்கள்.

இத்தனையும் ஒரே பாட்டில் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதும் தவறில்லை.

குரலுக்கு எத்தனை ஹெர்ட்ஸில் கூட்ட வேண்டும்?

எல்லாக் குரலுக்கும் பொருந்தும் எண் கிடையாது. ஆனால் ஹை-பாஸ் எங்கே வைப்பது என்பதைக் கட்டையைக் கொண்டு கணக்கிடலாம். 1 கட்டையில் பாடும் ஆணின் சட்ஜம் 131 ஹெர்ட்ஸ் என்றால், மந்தர பஞ்சமம் அதில் முக்கால் பங்கு, அதாவது 98 ஹெர்ட்ஸ். பாட்டு அதற்குக் கீழே இறங்கவில்லை என்றால் 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் வைப்பதால் குரலுக்கு ஒன்றும் நேராது. 5 கட்டையில் பாடும் பெண்ணின் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ். அங்கே 110 அல்லது 120 வரை ஏற்றலாம்.

மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடும் பழக்கம் மேடைக் குழுக்களில் உண்டு. ஒரு திசையிலிருந்து மட்டும் ஓசை வாங்கும் மைக்குகள், வாய் நெருங்க நெருங்கக் கீழ் ஓசையைக் கூட்டிக் காட்டும். அப்படிப் பதிவான குரலில் 200 ஹெர்ட்ஸ் அருகே ஷெல்ஃப் கொண்டு குறைத்தால் தெளியும். சொற்கள் விளங்கவில்லை என்றால் 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 2 டெசிபல் கூட்டிப் பார்க்கலாம். அப்போது ச, ஸ போன்ற எழுத்துகள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சீறத் தொடங்கினால், அதற்கு டீ-எஸ்ஸர் என்ற தனிக் கருவி இருக்கிறது.

பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடுகிறது. ஈக்யூ கொண்டு அந்தச் சத்தத்தை எடுத்துவிட முடியுமா?

ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். அம்மாபேட்டை போன்ற தறி ஓடும் பகுதிகளில் சத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. தரை வழியாகவும் மைக் ஸ்டாண்டு வழியாகவும் ஏறும் அதிர்வு மிகக் கீழே இருப்பதால், குரல், நாகஸ்வரம் போன்ற ட்ராக்குகளில் ஹை-பாஸ் அதை நன்றாகவே நீக்கிவிடும். ஸ்டாண்டின் கீழே தடித்த ரப்பர் வைப்பது அதைவிட நல்லது. காற்று வழியாக வரும் தறி நாடாவின் தட்டல், கீழிருந்து மேல் வரை அலைவரிசைகள் அனைத்திலும் பரவிய ஓசை. அதை ஈக்யூவில் துரத்தினால் குரலும் சேர்ந்து போகும். தறி நிற்கும் நேரத்தில் பதிவு செய்வதைத் தவிர வேறு நேர்மையான விடை இல்லை.

மின்சார ரீங்காரம் வேறு வகை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது 50, 100, 150 என்ற வரிசையில் நிற்கும். மிகக் குறுகலான பள்ளங்களால் அதைக் குறைக்கலாம். ஆனால் பாஸ் கிட்டாரின் மேல் தந்தி 98 ஹெர்ட்ஸில் இருப்பதைப் பாருங்கள்: 100-இல் போடும் பள்ளம் அந்தச் சுரத்தை மட்டும் விழுங்கி, அது வரும் இடமெல்லாம் பாட்டில் ஓட்டை விழச் செய்யும். எர்த் இணைப்பையும் கேபிளையும் முதலில் சரிபார்க்கவும்.

ஏற்காட்டில் பதிவு செய்த பறையில் வெட்டு இல்லை. 4,000 ஹெர்ட்ஸில் கூட்டலாமா?

கூட்டினால் குச்சி தோலில் உரசும் ஓசைதான் கூடும். 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில் தோல் ஈரம் வாங்கித் தளர்ந்துவிடுவதால் வெட்டு போயிருக்கிறது. பறையைத் தீயில் காய்ச்சி, சூடு ஆறும் முன்னே பதிவு செய்யுங்கள். நீண்ட பாட்டு என்றால் நடுவில் நிறுத்தி மறுபடி காய்ச்சுங்கள்.

என் அறையில் சரியாக இருக்கும் மிக்ஸ், காரில் கேட்டால் பாஸ் அதிகமாக இருக்கிறது.

உங்கள் அறை உங்களை ஏமாற்றுகிறது. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.05 மீட்டர் என்றால், 56 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 112 ஹெர்ட்ஸிலும் ஓசை நின்று அதிரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசைகளிலும் அதே எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. அந்த அறையின் நடுவில் உட்கார்ந்தால் 56 ஹெர்ட்ஸ் ஏறக்குறையக் காதிலேயே விழாது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் மிகையாக விழும். நடுவில் உட்கார்ந்து, பாஸ் போதவில்லை என்று ஈக்யூவில் கூட்டினால், அது காரில் வெளிப்படுகிறது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டும் வழக்கம் நாமக்கல் அருகில் இருப்பதாலோ என்னவோ இங்கே ஊன்றிவிட்டது. அதனால் மேல் ஓசையின் எதிரொலி சற்றுக் குறையலாமே தவிர, 56 ஹெர்ட்ஸ் அதை ஒரு பொருட்டாகவே எண்ணாது. தடித்த இலவம்பஞ்சு மெத்தைகளை மூலைகளில் நிறுத்தினால் சற்றுப் பயன் உண்டு. உட்காரும் இடத்தை, முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குக்குள் மாற்றிப் பாருங்கள். கீழ்ப்பகுதியைப் பற்றிய முடிவுகளை நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மைக் வைத்து எடுத்த தவில், ஒரு மைக்கில் எடுத்ததைவிட மெலிந்து ஒலிக்கிறது. எந்த அலைவரிசையைக் கூட்ட வேண்டும்?

எதையும் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரே ஓசை இரண்டு மைக்குகளுக்கும் 34 சென்டிமீட்டர் வேறுபாட்டில் சென்றால், ஒன்று மற்றதைவிட ஆயிரத்தில் ஒரு நொடி தாமதிக்கிறது. இரண்டையும் சேர்க்கும்போது 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என வரிசையாகப் பள்ளங்கள் விழுகின்றன. ஒரு ட்ராக்கின் துருவத்தை (போலாரிட்டி) திருப்பிப் பாருங்கள், அல்லது சற்று நகர்த்திப் பொருத்துங்கள்.

கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் நல்லது என்கிறார்களே?

இரண்டும் ஈக்யூதான். குறைத்துப் பழகினால் அளவுகள் மிகாமல் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பெரிய ஆபத்து வேறு: 2 டெசிபல் கூட்டியதும் பாட்டு சற்றுப் பலமாகக் கேட்கும், பலமானது காதுக்கு எப்போதும் நன்றாகவே தோன்றும். ஈக்யூவை அணைத்தும் போட்டும் ஒப்பிடும்போது, இரு நிலைகளிலும் மொத்த அளவு ஒன்றாக இருக்கும்படி அதன் அவுட்புட்டைச் சரிசெய்துவிட்டே முடிவெடுங்கள்.

மென்பொருளில் முன்பே அமைத்து வைத்த ப்ரீசெட்டைப் பயன்படுத்தலாமா?

கிக் ட்ரம்முக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் தொடக்கமாகக் கொள்ளலாம். தவிலுக்கும் உறுமிக்கும் யாரும் செய்து வைத்திருப்பது அரிது. அப்படி இருந்தாலும், அதைச் செய்தவர் கேட்ட தவில் உங்களுடையது அன்று.

ஆடித் திருவிழாவில் எங்கள் பாட்டு குழாய் ஸ்பீக்கரில் ஒலிக்கும். அதற்கென்று வேறு ஈக்யூ வேண்டுமா?

தனி மிக்ஸ் ஒன்று செய்துவிடுவது நல்லது. கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றியும் குகைப் பகுதியிலும் ஆடி மாதத்தில் கம்பங்களில் கட்டப்படும் கூம்பு வடிவ ஸ்பீக்கர்கள், சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. மிக மேலே உள்ளதும் தேய்ந்துவிடும். நடுப்பகுதி மட்டும் எஞ்சி, அதுவும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உறுத்தலாக ஒலிக்கும். அதற்குக் கொடுக்கும் பிரதியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக ஹை-பாஸ் போட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் வலு வீணாகாது. ஸ்பீக்கரின் டயாஃப்ரமும் பிழைக்கும். நாகஸ்வரத்தை 3,000 ஹெர்ட்ஸில் இன்னும் 2 டெசிபல் தணிக்கவும். வலம் இடம் பிரிப்பதில் அங்கே பொருளில்லை, ஆகவே மோனோவில் கேட்டு, எதுவும் மறையவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மொபைல் ஸ்பீக்கருக்கும் இந்தக் கணக்கில் பெரும்பகுதி பொருந்தும். அங்கே ஓர் ஆறுதல் உண்டு: 73 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கரில் வராவிட்டாலும், அதன் மேல்சுரங்கள் ஒழுங்காக வந்தால் காதும் மூளையும் சேர்ந்து அந்த அடிப்படைச் சுரத்தைத் தாமே உணர்ந்துகொள்கின்றன. பாஸின் மேல்சுரங்களைக் காப்பாற்றச் சொல்லுவதற்கு இதுவும் காரணம்.

முடிந்த பாட்டின் மேல் மொத்தமாக ஈக்யூ போடலாமா?

1 டெசிபல், மிஞ்சினால் 2 டெசிபல் வரை அகலமான மாற்றங்கள் செய்யலாம். அதற்குமேல் தேவைப்படுகிறது என்றால், குறை ஏதோ ஒரு ட்ராக்கில் இருக்கிறது. மொத்தத்தில் 300 ஹெர்ட்ஸைக் குறைப்பதைவிட, அங்கே மிகுந்து நிற்கும் ஆர்மோனியத்தில் குறைப்பதே சரி. மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் சீரமைப்புக்கு வேறொருவரிடம் கொடுப்பதாக இருந்தால், இந்த மொத்த ஈக்யூவையும், உச்ச அளவைத் தடுக்கும் லிமிட்டரையும் எடுத்துவிட்ட பிரதியை, உச்ச அளவுக்கு மேலே சில டெசிபல் இடம் விட்டு, 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுங்கள். உங்கள் மொத்த ஈக்யூவோடு கூடிய பிரதியையும், நீங்கள் விரும்பியது எது என்று அவர் கேட்டறிய உடன் அனுப்புங்கள்.